மான் காவலுக்குப் போனவளுக்குக் கோழிக்கறி

மான் காவல் என்றால் மான் பின்னால் ஓடுகிற வேலை என்று நினைக்காதீர்கள். மனுஷரிடம் பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோகிற வேலை. ஆந்திர எல்லையில், கார்வேட்டிநகரம் பக்கத்துக் காட்டில் நான் ஃபாரஸ்ட் பீட் ஆபீசர். சம்பளத்துக்காக ஊரிடம் கெட்ட பேர் வாங்கிக்கொண்டிருக்கிற யாருக்கும் நான் சொல்வது புரியும்.

தனிச் சமையல்

வாட்ச்சர் முனிரத்தினமும் நானும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எல்லார் இலையிலும் ஏதோ கறுத்த கறி. எங்கள் இரண்டு இலையில் மட்டும் கோழி. மான் கறியோ என்று சந்தேகம் வந்து எச்சில் கையோடு பின்பக்கம் போனேன். அதற்குள் அண்டா காலி; ஒரு பெண் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் இலைகளையும் மடித்து எடுத்துவிட்டார்கள். என்ன கறி அது என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். முகம் மாறாமல் சொன்னார்:

"ஆட்டுக்கறிதான் மேடம். உங்க ஒடம்புக்கு ஆவாதுன்னு கோழி தனியா ஆக்கினோம்."

வேலிச் சந்து

காட்டை ஒட்டிய வேர்க்கடலைக் கொல்லை. வேலிச் சந்தில் பைக் கிளட்ச் ஒயரில் சுருக்கு வைத்திருந்தது. மான் தலையை நுழைத்தால் இறுகிக்கொள்ளும். நான் அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே கொல்லைக்காரர் வந்தார். கத்தவில்லை. சட்டம், கேஸ், ஜெயில் என்று நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவர் பின்னால் கடலைச் செடியெல்லாம் மான் மேய்ந்து மொட்டையாக நின்றது. அதைப் பார்க்காத மாதிரி பேசுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"உன் மான்தானேம்மா? நீ புடிச்சிக் கட்டி வெச்சிக்கோ. நான் ஏன் ஒயரு கட்டப்போறேன்?"

சினை

காட்டுக்குள் ஒரு புள்ளிமான் சுருக்கில் விழுந்து கிடப்பதாக ஆடு மேய்க்கிறவர் வந்து சொன்னார். ஓடினோம். ஒயர் கழுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. முனிரத்தினம் கட்டிங் பிளேயரால் வெட்டும்வரை நான் துண்டால் அதன் கண்ணை மூடி, தலையை மடியில் பிடித்துக்கொண்டேன். வயிற்றில் கை வைத்தால் குட்டி அசைவது தெரிந்தது. புத்தூரிலிருந்து கால்நடை டாக்டர் வந்து சேர்வதற்குள் தாயின் மூச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வயிறும் அடங்கியது.

டாக்டர் பரிசோதனை முடித்ததும், சட்டப்படி எரிப்பதற்கு விறகு அடுக்கினோம். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர், நல்ல மனுஷர்தான், எங்களோடு சேர்ந்து விறகு தூக்கினார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

"எப்படியும் எரிக்கத்தானே போறீங்க மேடம், ஒரு தொடை மட்டும் குடுத்தா வீணாப் போவாதே?"

புத்தூர் பஸ்

மான் கறியோடு நானே பிடித்துக் கோர்ட்டில் நிறுத்திய ஒருவர் ஜாமீனில் வந்துவிட்டார். ஒரு நாள் காலையில் புத்தூர் பஸ்ஸில் ஏறினால், அவர் ஜன்னலோரத்தில். நிற்கவே இடமில்லை. யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் எழுந்தார். நடுவில் நின்றவர்களிடம் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தெலுங்கில் வழி கேட்டு என்னைக் கூப்பிட்டார். தோள் துண்டால் ஸீட்டைத் தட்டிவிட்டார்.

"ஒக்காருங்க மேடம். காடு பூரா சுத்திக்கினு கீறீங்க, காலு நோவாதா?"

உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் என் கால் வலியை விசாரித்த ஒரே ஆள், நான் உள்ளே தள்ளிய ஆள்தான்.