கமாவுக்குப் பின்னால் நின்ற சித்தப்பா

தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும், உறைகளில் முகவரி எழுதும் வேலையை நானே வலிய வாங்கிக்கொண்டேன். சின்னமனூரில் வீட்டில் இருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறவள் நான். முந்நூறு உறைகளில் ஆளாளுக்கு உட்கார்ந்து பேனாவால் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என் படிப்பு இடம் கொடுக்கவில்லை.

"எல்லா அட்ரஸையும் வாட்ஸப்புல அனுப்புங்கப்பா. ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல ஒரு கமா போட்டாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அப்பா திராட்சை விவசாயி. சொன்னதைச் சொன்னபடி செய்வார். என் கல்யாணத்துக்கு எழுதிய பழைய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒற்றை விரலால் டைப் அடித்து அனுப்பினார். கமா வரும் இடத்திலெல்லாம் வெட்டு என்று கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வரி எழுதினேன். அதுவும் வெட்டியது. அப்பாவோ ஆளுக்கு ஆள் கமா போட்டதோடு நிற்காமல், பேருக்குப் பின்னால் ஒன்று, தெருவுக்குப் பின்னால் ஒன்று என்று தாராளமாகத் தூவியிருந்தார். முந்நூறு பேர் ஆயிரத்துச் சொச்சம் பேராகிவிட்டார்கள். சோதனைக்கு அச்சடித்த ஸ்டிக்கர் தாளில் ஒன்றை அம்மா உரித்து எடுத்துப் பார்த்தார்.

"மேலத்தெருன்னு மட்டும் போட்டிருக்கு. இது யாருத்தா?"

தப்பு என்னுடையதுதான். முகவரி என்றால் உள்ளேயும் கமா இருக்கும் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

"முகவரிக்குள்ள எங்கயுமே வராத குறி ஒண்ணு வேணும்ப்பா" என்றேன். சாய்கோடு போடலாமா என்று நான் கேட்டதற்கு, "கதவு நம்பர்ல வருமே" என்று அவரே வேண்டாமென்றுவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனில் தேடினார். "இங்கன கோலம் மாதிரி ஒண்ணு கெடக்கு. இது ஆகுமா?"

ஹேஷ் குறி. அருமையாக ஆகும் என்றேன். மறுபடி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கோலம் போட்டு அனுப்பினார். முதலில் கோலத்தில் வெட்டினேன்; ஆள்கள் தனித்தனியாக வந்தார்கள். பிறகு ஒவ்வொருவரையும் கமாவில் வெட்டினேன். முதல் துண்டு பேர், இரண்டாவது தெரு, மூன்றாவது ஊரும் பின்கோடும். சிலருக்கு மட்டும் நாலாவதாக ஒரு துண்டு இருந்தது. ஒன்றிரண்டைப் பார்த்தேன். "பேத்தி நர்ஸ்" என்று ஒன்று, "பச்சைக் கேட்டு வீடு" என்று ஒன்று. தபால்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று, மூன்றுக்கு மேல் வருவதை விட்டுவிடும்படி எழுதிவிட்டேன். ஸ்டிக்கர்கள் அழகாக வந்தன. ஒட்டி, தபாலில் சேர்த்தாயிற்று.

ஐந்தாம் நாள் காலையில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஜெயமங்கலம் சித்தப்பா. அப்பாவின் உடன்பிறந்த தம்பி. எங்கள் வீட்டுக்கு அவர் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. என் கல்யாணச் சாப்பாட்டு நெரிசலில் அப்பா முகத்தைக்கூடப் பார்க்காமல் அவரிடம், "எடமில்ல, அடுத்த பந்திக்கு வாங்க" என்றுவிட்டார். சித்தப்பா சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். பாத்துச் சொல்லியிருக்கலாமே என்று அவரும், தம்பிதானே, எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று இவரும், அப்படியே இருந்துவிட்டார்கள்.

இப்போது அவர் கையில் எங்கள் பத்திரிகை.

"கூடப்பொறந்தவனுக்குத் தபால்ல அனுப்பிட்டியேண்ணே" என்றார். "நேர்ல வந்து வைக்கக் கூடாதா?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "உள்ள வாடா மொதல்ல" என்று தம்பியை உட்காரவைத்துவிட்டு என்னை அடுப்படிக்கு அழைத்துப் போனார்.

"ஏத்தா, அவன் பேருக்குப் பின்னால ஒண்ணு எழுதியிருந்தேனே?"

லேப்டாப்பைத் திறந்து, நான் விட்டுவிட்ட நாலாவது துண்டுகளை வரிசையாக எடுத்துக் காட்டினேன். சித்தப்பாவுக்கு நேராக "கூப்பிட வேண்டாம்" என்று இருந்தது. அப்பா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அழிச்சிரு" என்றார்.

அழித்தேன். அடுத்த வரிகளைப் படித்ததும்தான் அவர் பதறினார். ஏழு பேருக்கு நேராக "நேர்ல போய் வைக்கணும்" என்று எழுதியிருந்தார். "அடிப்பாவி! ஏழு பெரிய வீட்டுக்குத் தபாலா போயிருக்கு?" என்று போட்ட சத்தம் கூடத்துக்குக் கேட்டுவிட்டது.

"யாரு யாருண்ணே?" என்று சித்தப்பா எழுந்து வந்தார். திரையில் பேர்களைப் படித்தார். நல்லவேளை, அவருடைய வரி அதில் இல்லை. "வண்டி இருக்கு. கெளம்பு."

அம்மா தட்டில் வெற்றிலை பாக்கும் புதுப் பத்திரிகையும் வைத்துக் கொடுக்க, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நின்று முதல் தட்டைச் சித்தப்பாவிடமே நீட்டினார்கள். அவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் கிளம்பினார்கள்.

இரண்டு நாள் சுற்றினார்கள். போன வீட்டிலெல்லாம், "தபால்ல வந்தது தகவலுக்கு. இதுதான் பத்திரிகை" என்று சித்தப்பா அடித்துவிட்டிருக்கிறார். ஒருத்தர்கூடக் கோபிக்கவில்லையாம். உத்தமபாளையத்தில் அப்பாவிடம் திராட்சை வாங்கும் பாய் வீட்டில் பிரியாணி சாப்பிடாமல் விடமாட்டோம் என்று உட்காரவைத்துவிட்டார்கள் என்று அப்பா வந்து சொன்னார். தம்பி வண்டி ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றி இன்னும் அதிகமாகச் சொன்னார்.

சித்திக்கு மட்டும் கோபம் முழுசாகத் தீரவில்லை. கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்குச் சரியாக வந்தார், அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அம்மாவிடம் வந்து, "இந்தச் சேலை எங்கனக்கா எடுத்தீக?" என்று கேட்டார். அம்மா கடையைச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு பேரும் தேனிக்குப் போய்விட்டு வந்தார்கள்.