நான் சேர்த்த நோயாளிகள்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள். கட்டிலில் என் மனைவி. அவள் கால்மாட்டில் எங்கள் மகள், பெரம்பலூரிலிருந்து வந்தவள். பிளாஸ்டிக் நாற்காலியில் எங்கள் சபையின் உபதேசியார். வாசற்படியில் எதிர்வீட்டுப் பாயின் மனைவி. அடுப்படி ஓரம் நான். ஐந்து பேர்.

பேச்செல்லாம் அங்கே இல்லாத ஒரு பையனைப் பற்றி. ஆஸ்பத்திரியில் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறான். அவன் பிழைக்க வேண்டுமென்று என் மனைவி மூன்று நாளாக உபவாசம். தண்ணீர் மட்டும்தான். அவளுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு பக்கம் கை கால் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அப்படி ஒரு பையன் கிடையாது. நான் சொன்ன பொய்.

நான் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். படிப்பு ஐந்தாவது. அவள் பரம்பரை வேதக்காரி. அவளைக் கட்டத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். எடுத்த பிறகும் குடித்தேன். பதினோரு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் எனக்காக உபவாசம் இருந்தாள். சண்டை போட்டதில்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே சும்மா உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் தின்பது. குடியை விட்டேன்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோவாள். பெரிய எவர்சில்வர் தூக்கு. உறையூரிலிருந்து டவுன் பஸ். கஞ்சியை ஊற்றிக் கொடுத்து, பெயர் மட்டும் கேட்பாள். சாதி மதம் கேட்க மாட்டாள். சாயங்காலம் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பாள். எங்கள் மகனைப் புதைத்த மறுநாளும் கஞ்சி போனது.

அவள் விழுந்த பிறகு நான் கொண்டுபோனேன். ஒரு வாரம்தான். வெளிச் சாப்பாடு வார்டுக்குள் கூடாது என்று விதி வந்துவிட்டது. வாட்ச்மேன் நல்லவன். "பெரியவரே, விட்டா என் வேலை போயிடுங்க" என்றான். தூக்கை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய கூட்டாளிகளுக்கு ஊற்றினேன்.

"என்ன மாமா, எங்களுக்கும் டாக்டர் உப்பு வேணாம்னுட்டாரா?" என்றான் ஒருவன். மூன்று டம்ளர் குடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள், "யாருக்கெல்லாம் குடுத்தீங்க?" என்றாள். பேச்சு குழறும். எனக்குப் புரியும்.

உள்ளே விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளால் செய்ய முடிந்ததில் மிச்சம் அந்த ஜெபம் ஒன்றுதான். "ஸ்ரீரங்கத்துல பூ கட்டுற அம்மா ஒண்ணு. கால்ல புண்ணு" என்றேன்.

"பேரு?"

ஒரு பெயர் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மறுநாள் புண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மாட்டிக்கொண்டேன். புண்ணை ஆற வைத்து அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பினேன். காலியான கட்டிலுக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வருவேன். என்ன வியாதி, எந்த ஊர், நேற்று என்ன சொன்னேன். மூட்டை தூக்குவது சுலபம்.

ஒரு நாள், காவிரிப் பாலத்தில் வண்டியிலிருந்து விழுந்த பையன் என்று சொன்னேன்.

"கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல. அம்மா இல்லாத புள்ள."

அந்த வார்த்தை அதிகம். வயதும் எங்கள் மகன் போன வயதையே சொல்லியிருந்தேன். கஞ்சியைத் தள்ளிவிட்டாள். "அவன் கண்ணு முழிக்கட்டும்."

மறுநாள், முழித்துவிட்டான் என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

"என்னைச் சாப்பிட வைக்கத்தானே சொல்றீங்க? குடிச்சுட்டு வந்து குடிக்கலைன்னு சொல்வீங்களே, அதே மூஞ்சி. உபதேசியார் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லட்டும்."

வெளியூர் போயிருந்த உபதேசியார் மூன்றாம் நாள்தான் வந்தார். அந்தக் காலைதான் அது.

பாயின் மனைவி கெஞ்சினாள். "அக்கா, நாங்களும் நோன்பு வைக்கிறோம். சாயங்காலமானா தொறந்துடுறோம். உங்க ஆண்டவருக்கு மட்டும் மணி பார்க்கத் தெரியாதா?"

என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. மகள் அவள் கையைத் தொட்டுப் பார்த்து, "அப்பா, வேர்க்குது, சில்லுனு இருக்கு" என்றாள்.

உபதேசியார் எழுந்தார். நானும் அவரோடு போனேன். பஸ் ஸ்டாப்பில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னையும் பொய் சொல்லச் சொல்றீங்களா அண்ணே?"

"அவ சாகட்டுங்களா?"

இரண்டு டீ வாங்கினேன். அவர் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு வீட்டுக்கு வந்தோம்.

"முழிச்சுட்டாம்மா" என்றார்.

"அவனை ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாங்க ஐயா."

"சொந்தக்காரங்க வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்கம்மா."

ஒரு பொய் சொல்ல வந்தவர் இரண்டு சொன்னார். அவள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கஞ்சி குடித்தாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தாள். நானும் ஆள் சேர்த்துக்கொண்டே இருந்தேன். சின்னச் சின்ன வியாதிகள்தான். எல்லோருக்கும் அம்மா இருந்தாள்.

கடைசி வாரத்தில் மகளை உட்கார வைத்து, நான் சொன்ன அத்தனை பெயரையும் வரிசையாகச் சொல்லி எழுத வைத்தாள். ஒன்றையும் மறக்கவில்லை. "நான் போனாலும் இவங்களை விட்டுடாதீங்க" என்றாள். அடக்கம் முடிந்ததும் மகள் அந்தத் தாளைச் சபையில் கொடுத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது ஞாயிறுதோறும் ஆராதனையில் அந்தப் பெயர்களை வாசிக்கிறார்கள். வாசிப்பது உபதேசியார். ஒவ்வொரு பெயருக்கும் சபை ஆமென் சொல்கிறது. நானும் சொல்கிறேன்.

ஒரு தடவை ஆராதனை முடிந்து அவரிடம் போனேன். "நிறுத்திடுங்க ஐயா" என்றேன்.

"என்னன்னு சொல்லி அண்ணே நிறுத்துறது?" என்றார்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வாசிக்கும்போது விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன்.

முப்பத்தேழு.