உப்பு முடிச்சு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய துணி முடிச்சு கிடக்கிறது. அது எங்கள் தோட்டத்துத் தொழிலாளி சின்னம்மாவுடையது. றொசல்லப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயந்து இடுப்பில் உப்பு முடிந்துகொண்டுதான் மலையேறுவார்கள்.

நான் தோட்ட டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சின்னம்மாவின் பிரஷரைப் பார்த்ததும் பதறிப்போனேன். பெரிய மேதாவி போல விளக்கமும் கொடுத்தேன். உப்பையும் தண்ணீரையும் வேண்டிய அளவு வெளியேற்றி, வருடக்கணக்கில் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது சிறுநீரகம்தான். சிறுநீரகத்தால் உப்பைத் தள்ள முடியாமல் போனால், உடம்பு அழுத்தத்தைக் கூட்டியாவது தள்ளப் பார்க்கும். அந்த அழுத்தமே கடைசியில் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்றேன்.

"உப்பக் கொறைங்க சின்னம்மா. இந்தக் குளிசை உப்பையும் தண்ணியையும் ஒண்ணுக்கோட வெளிய தள்ளிரும். டெய்லி காலையில ஒண்ணு போடுங்க."

"சரி புள்ள" என்றாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அட்டைக்கு வைத்திருந்த உப்பையும் கொட்டிவிட்டாள். அடுத்த முறை வந்தபோது கால் முழுக்க இரத்தத் திட்டு. "நீதான உப்பே ஆகாதுன்ன?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிரஷர் மட்டும் இறங்கவேயில்லை. மாதாமாதம் "குளிசை போடுறீங்களா?" என்பேன், "போடாம?" என்பாள். திருட்டுத்தனமாகக் கருவாடு தின்கிறாள் என்று நானாக முடிவுகட்டி, வரிசையில் நின்றவர்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் தலைகுனிந்து நின்றாள். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

முகமும் காலும் வீங்கி டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறையப் போய்விட்டன என்றார்கள். மாற்றுச் சேலை எடுக்க அவள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். பெட்டிக்குள் இந்த முடிச்சு இருந்தது. அவிழ்த்தால் உப்பு இல்லை. நான் கொடுத்த குளிசைகள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய், ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"மலையில எங்க புள்ள ஒதுங்குறது? சுத்திவர ஆம்பளைங்க. அதப் போட்டா பத்து மணிக்குள்ள நாலு தடவ முட்டிக்கிட்டு வருது. தண்ணிகூடக் குடிக்காமப் போறவ நான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சின்னம்மா?"

"நீ உப்பப் பத்தித்தான திட்டுன."

அடுத்த மழைக்கு அவள் இல்லை.

இப்போது அந்தக் குளிசையைக் கொடுக்குமுன், "மலையில ஒதுங்க எடம் இருக்காம்மா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். டாக்டரிடம் பேசி, வேலை விட்டு லயத்துக்கு வந்தபின் போடச் சொல்கிறேன். அவ்வளவுதான் விஷயம்.

இழுப்பறையைத் திறந்து முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறேன். மழை நாளில் அந்தத் துணி இன்னும் பிசுபிசுக்கிறது. சின்னம்மாவும் சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை நான் கேட்கவேயில்லை.