ஒரு காலோடு நின்ற மருதாணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில், நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள் மாலை. பள்ளத்தூரில் எங்கள் வீட்டில், பத்து வயது மகள் ஜமீலாவின் கால்விரல்களுக்கு மருதாணித் தொப்பி வைத்துக்கொண்டிருந்தேன். இடது காலின் நான்காம் விரல் மட்டும் பின்வாங்கி, மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

"எங்கயாச்சும் விழுந்தியாடி?"

"பள்ளிக்கூடத்துல கல்லு தடுக்கி விழுந்தேம்மா."

எலும்பு விலகிவிட்டதென்று நானே முடிவுகட்டினேன். மருதாணி வைப்பதைப் பாதியிலேயே விட்டுவிட்டு, எலும்பு கட்டுபவரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் விரலைப் பிடித்து இழுத்து, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்.

பெருநாள் காலையில் விரல் கறுத்துப்போயிருந்தது. பிள்ளை வலியில் கத்தினாள். காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே டாக்டர் முதல் வேலையாகக் கட்டுத்துணியை வெட்டி எறிந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா விரலே போயிருக்கும்" என்றவர், "அந்தக் காலையும் நீட்டு தாயி" என்றார்.

அதிலும் அதே விரல் குட்டை!

"என்ன டாக்டர் இது, போன பெருநாளைக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "விழுந்தா ரெண்டு காலும் ஒண்ணுபோலவாம்மா குறுகும்? பிறவியிலயே விரலுக்குப் பின்னால உள்ள எலும்பு குட்டை. மத்த எலும்பு வளர வளரத்தான் இது வெளிய தெரியும். வலி இல்லாட்டி ஒண்ணும் செய்ய வேணாம். முன்பக்கம் அகலமான செருப்பு வாங்கிக் குடுங்க. பிற்காலத்துல வலிச்சா ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம்."

கறுப்பு மெல்ல இறங்கி, விரல் பிழைத்துக்கொண்டது.

அன்று வலது காலுக்கும் மருதாணி வைத்து முடித்திருந்தால் வீட்டிலேயே புரிந்திருக்கும். இப்போதெல்லாம் பிள்ளைகள் எந்தக் காலைக் காட்டி அழுதாலும், முதலில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்கிறேன்.