தெம்பான உடம்புக்கு ஓய்வு கிடையாதாம்

இன்று பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரும் பேருந்தில், முன் இருக்கையில் பசியாவரத்து மீனவர் ஒருவர். படகு தள்ளும்போது முறிந்த கால் எலும்பு கூடிவருகிறதாம்.

“உழைச்ச ஒடம்பு, அதான் சீக்கிரம் சேருதுனு டாக்டர் சொன்னாரு. ஆனா இன்னும் மூணு வாரம் கால ஊனக் கூடாதாம்,” என்று அவர் மனைவி தன் அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் சிரித்தார். “அவ்ளோ தெம்பு இருந்தா இன்னாத்துக்கு ரெஸ்ட்டு? வெள்ளிக்கிழமை நம்ம பாடு, மாப்ள. ஏரியில வலை போடற முறை போச்சுனா மறுபடி எப்ப வரும்?”

“நீ எறங்கி வலைய இழேன். தொந்தி தடுக்குதா?” என்றார் தங்கை.

பேருந்தே சிரித்தது. மீனவர் மட்டும் தலை குனிந்து, “வரேன் மச்சான்” என்றார்.

போன வருடம் என் இடுப்பெலும்பு முறிந்தது. தினமும் நடந்த உடம்பு என்பதால் நானும் விரைவாகத் தேறினேன். என்னிடம் எல்லோரும், “இன்னும் கொஞ்ச நாள் படுங்க சார்” என்றுதான் சொன்னார்கள்.

இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். “ஜன்னலைக் கொஞ்சம் மூடுறீங்களா?” என்றுதான் வந்தது. டச்சுக் கல்லறை அருகே மூவரும் இறங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அந்த மச்சானிடம் என்ன சொல்வது என்று தைரியசாலிகள் யாராவது எழுதித் தாருங்கள். மனப்பாடம் செய்துகொண்டு பசியாவரம் போகிறேன்.