தரிசன க்யூவில் ஆறு வேலைகள்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணைத் திறந்தேன்... திறக்கவில்லை. இமைகள் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன.

மெட்ராஸ் ஐ!

உபயம் - என் மகள் யாழினி, யு.கே.ஜி. அவளுக்கு வகுப்புத் தோழி கொடுத்தாள். இவள் மூன்றே நாளில் குணமாகி, பத்திரமாக என்னிடம் ஒப்படைத்துவிட்டாள்.

எங்கள் மந்தைவெளியில் ஞாயிறும் திறந்திருக்கும் கண் டாக்டர் ஒருவர் உண்டு. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, “அஞ்சு நாளைக்கு ஆபீஸ் கிடையாது. லேப்டாப், மொபைல் எதையும் பார்க்கக் கூடாது” என்றார்.

“ஒரு கண்ணால மட்டும் பார்க்கலாமா டாக்டர்?”

அவர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு என் கணவரிடம் பேச ஆரம்பித்தார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கேஸை அணைத்தேனா என்று பார்க்க ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியவள். ஒரே வாரத்தில் இரண்டு முறை. இரண்டு முறையும் அணைத்துத்தான் இருந்தது. அப்படிப்பட்டவளை ஐந்து நாள் எதையும் பார்க்காதே என்றால்?

அதிலும் அந்த வாரம்!

அடையாறில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு பேர் கொண்ட டீமுக்கு நான் லீட். பரிசோதனை நிலையங்களுக்கு ஒரு ஆப் செய்கிறோம் - டெஸ்ட்டுக்கு நேரம் பதிவு செய்ய, முதல் நாள் நினைவூட்டி மெசேஜ் அனுப்ப. அஜைல் என்பது எங்கள் வேலை முறை. பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடைத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொண்டு, முடித்து, வாடிக்கையாளருக்கு டெமோ காட்ட வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரின்ட் என்று பெயர். ஓட்டப்பந்தயம்! நாங்கள் கடந்த இரண்டு ஸ்பிரின்ட்டையும் நடந்தே கடந்திருந்தோம். எடுத்ததில் பாதிகூட முடியவில்லை.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “வித்யா, வர்ற வெள்ளிக்கிழமை டெமோவும் இப்படியே ஆச்சுன்னா டீமைப் பிரிச்சிடுவேன். ஃபர்ஹானாவை மொதல்ல வேற ப்ராஜெக்ட்டுக்கு அனுப்பிடறேன். டெஸ்ட்டிங்லதான் எல்லாம் தேங்குது.”

ஃபர்ஹானா எங்கள் டெஸ்ட்டர். கம்ப்யூட்டரில் இருக்கும் எங்கள் வேலைப் பலகையில் எல்லாமே ‘டெஸ்ட்டிங்’ கட்டத்தில்தான் குவிந்து கிடந்தன. ஆகவே தப்பு அவள் மேல். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் மறைத்து வைத்திருந்தேன்.

திங்கள் காலை பத்து மணி. ஸ்டாண்ட்-அப். தினமும் எல்லோரும் நின்றபடியே பதினைந்து நிமிடம் பேசுவோம் - நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், என்ன தடை. வழக்கமாக நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். அதாவது, பார்ப்பேன். கேட்க மாட்டேன்.

அன்று கண்ணில் ஈரப் பஞ்சு. காதில் போன். வேறு வழி இல்லாமல் கேட்டேன்.

“என்னோட வேலை முடிஞ்சுது. அக்கா ஒரு தடவை பார்த்துட்டா போதும்.”

“மெசேஜ் வேலை ஓவர் க்கா. நீங்க பார்த்ததும் க்ளோஸ் பண்ணிடலாம்.”

“நான் டெஸ்ட் பண்ணி மூணு நாள் ஆச்சு க்கா. உங்களுக்காக வெயிட்டிங்.” இது ஃபர்ஹானா.

விரலை மடக்கி எண்ணினேன். மொத்தம் ஒன்பது வேலை. ஆறு வேலை ஒரே ஆளுக்காகக் காத்திருந்தது. அந்த ஆள் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“இவ்வளவுமா எங்கிட்ட நிக்குது?” என்றேன்.

பதில் சொன்னது சதீஷ். சிந்தாதிரிப்பேட்டைக்காரன், எங்கள் டீமின் வாய்.

“கோச்சுக்காதீங்க க்கா. வடபழனி கோயில்ல கிருத்திகைக்கு நிக்கும் பாருங்க... அந்த மாதிரி உங்க முன்னாடி ஒரு க்யூ கீது. நாங்க அதுக்கு தரிசன க்யூன்னு பேரே வெச்சுட்டோம்.”

“அர்ஜென்ட்டுன்னா ஸ்பெஷல் தரிசனம்” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“டேய், சும்மா இருங்கடா” என்று ஃபர்ஹானா அதட்டினாள்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. டெஸ்ட்டிங் முடிந்தாலும் நான் ‘ஓகே’ சொல்லும் வரை பலகையில் அதே கட்டத்தில்தான் நிற்கும். தேங்குவது டெஸ்ட்டிங்கில் இல்லை. என்னிடம்! நான் மாட்டிவைத்த பூட்டுக்கு ஃபர்ஹானா தண்டனை வாங்கப் போகிறாள்.

இந்தப் பூட்டு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. ஒரு நாள் யாழினிக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. கிளம்பும் அவசரத்தில் ஒரு வேலையைச் சரியாகப் பார்க்காமல் ‘ஓகே’ கொடுத்துவிட்டு ஓடினேன். மறுநாள் டெஸ்ட் இருந்த அத்தனை பேருக்கும் ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்று மெசேஜ் போனது. எக்ஸ்ரேவுக்கு வந்த ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி, காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வந்து வரவேற்பறையிலேயே மயங்கிவிட்டார். ஜூஸ் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தார்கள். எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு விதி. என் கண் படாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. பொறுப்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

“சரி” என்றேன். “என்னால இப்ப பார்க்க முடியாது. என்ன பண்ணலாம்?”

ஃபர்ஹானா கேட்டாள். “அக்கா, நீங்க பார்க்கும்போது எதையெல்லாம் பார்ப்பீங்க?”

இத்தனை நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நானாகவும் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். இந்த மெசேஜ் யாருக்குப் போகிறது? யாருக்குப் போகக் கூடாது? டெஸ்ட்டைத் தள்ளிவைத்தால் பழைய மெசேஜ் நிற்குமா? ஒரே நம்பரில் குடும்பமே பதிவு செய்திருந்தால்? வயதானவர் படித்தால் புரியுமா? அவள் எழுதிக்கொண்டே வந்தாள். முக்கால் மணி நேரத்தில் பதினோரு கேள்விகள். ஒன்றரை வருடமாக என் தலைக்குள் பூட்டி வைத்திருந்த ரகசியம்... ஒரு பக்கத்துக்குக்கூட வரவில்லை!

அன்றே மூன்று விஷயங்கள் முடிவு செய்தோம். வேலையைச் செய்தவர் தவிர வேறு யாராவது ஒருவர் அந்தப் பதினோரு கேள்விகளோடு பார்த்தால் போதும், க்ளோஸ் செய்யலாம். அடுத்தது, கையில் இருப்பது முடியாமல் புதிதாக எதையும் தொடக் கூடாது. எனக்காகக் காத்திருந்த நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று ஒவ்வொருவரும் புதிது புதிதாக ஆரம்பித்து, ஆளுக்கு இரண்டு மூன்று அரைகுறையாக வைத்திருந்தார்கள். அடுப்பு நான்கிலும் பாத்திரம் இருந்தது, சாப்பாடுதான் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் கசப்பு. ஒன்பதில் இரண்டு இந்த முறை முடியாது. அதை வெள்ளிக்கிழமை தலையைச் சொறிந்துகொண்டு சொல்வதற்குப் பதில் திங்கட்கிழமையே சொல்லிவிடுவது. மேனேஜருக்கு நானே போன் செய்தேன். கூடவே இதையும் சொன்னேன் - “சார், தேங்கினது ஃபர்ஹானாகிட்ட இல்ல. எங்கிட்ட.”

“வெள்ளிக்கிழமை பார்ப்போம்” என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய், புதன் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். குளியலறைக்குள் போனை எடுத்துக்கொண்டு போய்க் கணவரிடம் மாட்டிக்கொண்டேன். “டீம் வேலை செய்யுது. நீ எதுக்கு பாத்ரூம்ல வேலை செய்யற?” என்று பிடுங்கி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை பொறுக்கவில்லை. யாழினியைக் கூப்பிட்டு லேப்டாப் முன்னால் உட்காரவைத்தேன். முடிந்த வேலை பச்சை, நடப்பது மஞ்சள், நிறுத்திவைத்தது சிவப்பு.

“கண்ணா, பச்சைப் பெட்டி எத்தனை இருக்குன்னு எண்ணும்மா.”

“அஞ்சு.”

“மஞ்சள்?”

“ஒண்ணு. சிவப்பு ஒண்ணு. அம்மா... இது ஏமாத்துத்தானே? டாக்டர் அங்கிள் பார்க்கக் கூடாதுன்னு சொன்னார்ல?”

“நான் பார்க்கலையே. நீதானே பார்த்த?”

அவள் நேராக அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அது வேறு கதை.

சிவப்பு! எந்த வேலை? டெமோவுக்கு முந்தின நாள்! ஃபர்ஹானாவுக்கு போன் போட்டேன். சதீஷின் மெசேஜ் வேலையாம். பின்னால் சதீஷ் கத்திக்கொண்டிருந்தான். “இன்னா ஃபர்ஹா, பதினோரு கேள்விக்கும் பதில் சரியாத்தானே கீது? நாளைக்கு டெமோவ வெச்சுக்கினு...”

“பன்னெண்டாவது கேள்விக்கு இல்ல” என்றாள் அவள். பிறகு என்னிடம், “அக்கா, எங்க அத்தாவுக்கு சுகர். ஒரே நாள்ல ரெண்டு தடவை ரத்தம் எடுப்பாங்க. சாப்பிடாம ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. நம்ம ஆப்ல ரெண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். ‘வெறும் வயிற்றில் வரவும்’னு ஒரு மெசேஜ், ‘சாப்பிட்டு வரவும்’னு ஒரு மெசேஜ். ரெண்டும் ஒரே நேரத்துல வருது. எங்க அத்தா எதைக் கேப்பாரு?”

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த வேலையை நான் இரண்டு கண்ணாலும் மூன்று முறை பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. அவள் அப்பாவைப் போல எங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி யாரும் இல்லை. என் கண் என் வீட்டு வாசல் வரைக்கும்தான் பார்க்கும்.

“நீ நிறுத்தினது சரி. முடியலன்னா அது இல்லாமலேயே டெமோ காட்டுவோம்” என்றேன். சொன்னவள் நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

வெள்ளிக்கிழமை மதியம் சதீஷ் சரிசெய்துவிட்டான். மூன்று மணி டெமோவில் ஏழு வேலையும் காட்டினார்கள். நான் வீட்டில் படுத்தபடி போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மெசேஜ் விஷயத்தை யாரும் கேட்கவே இல்லை. நடக்காத தப்புக்கு யார் கைதட்டுவார்கள்?

மாலை மேனேஜர் பேசினார். “டீம் இப்படியே இருக்கட்டும் வித்யா. ஃபர்ஹானா எங்கயும் போக வேணாம்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க லீவ்ல இருந்தப்பதான் வேலை முடிஞ்சிருக்கு” என்று சிரித்தார்.

போனை வைத்ததும் வழக்கம்போல மனசு ஆரம்பித்துவிட்டது. அப்படியானால் நான் எதற்கு? என்னை அனுப்பிவிடுவாரோ?

இந்த முறை அதிக நேரம் யோசிக்கவில்லை. இரண்டு வேலை முடியாது என்று முன்கூட்டியே சொன்னது யார்? தலைக்குள் இருந்ததை வெளியே எடுத்துக் கொடுத்தது யார்? யாருக்கு என்ன தடை என்று காதால் கேட்டது யார்? லீட் வேலை அதுதான். நான் இவ்வளவு நாளாகச் செய்துகொண்டிருந்தது வாட்ச்மேன் வேலை. அதை நன்றாகவே செய்தேன், உள்ளேயிருந்தவர்கள்கூட வெளியே போக முடியாத அளவுக்கு.

டீம் வேகமாக வேலை செய்ய வேண்டுமா? யாரை விரட்டலாம் என்று தேடாதீர்கள். யாருக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது டீமிலேயே ரொம்பப் பொறுப்பான ஆளாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் சதீஷ் இரண்டடி தள்ளி நின்று கும்பிட்டான். வெள்ளைப் பலகையில் ஃபர்ஹானாவின் பன்னிரண்டு கேள்விகள். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் அவன் கைவண்ணம்: ‘நடை சாத்தப்பட்டது.’

எழுத்து கொஞ்சம் கோணல். டஸ்டரைக் கையில் எடுத்தேன்... திரும்ப வைத்துவிட்டேன்.