இன்னும் ஒரு நீலப் பொத்தான்

"ரெண்டே ரெண்டு வெள்ளை ஏத்துறேன்" என்று பக்கத்து வீட்டு இராஜம்மா இரண்டு சட்டைப் பொத்தான்களை மேசை நடுவே தள்ளினார். குளோரியா தன் கையிலிருந்த சீட்டுகளைப் பார்க்கவே இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, இராஜம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஆன்டி, உங்களுக்கு ஒண்ணும் வலிக்கல. சும்மா செக்-அப்புக்கு வந்திருக்கீங்க" என்று சொல்லி, ஒரு கைப்பிடி பொத்தானை அள்ளிப் போட்டார். இராஜம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சீட்டுகளைக் கவிழ்த்தார். குளோரியா உடனே கையை நீட்டினார். "காட்டுங்க. ஆ காட்டுங்க." பார்த்தால் ஒரு மூன்று, ஒரு எட்டு. எதற்கும் உதவாத சீட்டு.

கவிழ்த்த சீட்டைத் திருப்பிப் பார்க்காவிட்டால் குளோரியாவுக்குச் சோறு இறங்காது. ஜெயித்தாலும் பார்க்க வேண்டும், தோற்றாலும் பார்க்க வேண்டும். இருபத்தொன்பது வருடமாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, ஊரார் வாய்க்குள் விளக்கடித்தவர். மூடி வைத்த எதையும் அவரால் சும்மா விட முடிவதில்லை. வீட்டில் சட்டிகளின் மூடியைக்கூட அடிக்கடி திறந்து பார்ப்பார்.

இந்தப் போக்கர் சீட்டாட்டத்தை அவர் படித்தது கொமுட்டர் ரயிலில். கிள்ளானில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மற்றவர்கள் தூங்குவார்கள், குளோரியா கைப்பேசியில் சீட்டாடுவார். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு மேசையில் ஒவ்வொன்றாகத் திறக்கும், இரண்டையும் சேர்த்து யாருக்கு நல்ல கூட்டணி அமைகிறதோ அவருக்கு வெற்றி. நடு நடுவே பந்தயம் ஏற்றிக்கொண்டே போகலாம். வரம்பு கிடையாது. வைத்திருப்பது எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளி எதிராளியைக் கதிகலங்க வைக்கலாம். அப்படி ஒரு சுதந்திரம் இருக்கும்போது ஒரு மனுஷன் எதற்காகக் கொஞ்சூண்டு ஏற்றுகிறான்? குளோரியாவின் ஆராய்ச்சி முழுவதும் அந்தக் கொஞ்சூண்டைப் பற்றித்தான்.

"வாசல்லயே கத்துற பேஷண்டுக்கு ஒண்ணும் இருக்காது லா. வெறும் பயம்தான். 'கொஞ்சம்தான் வலிக்குது சிஸ்டர்'னு சிரிச்சிக்கிட்டே வந்து உட்கார்றான் பாருங்க, அவன் வாயத் தொறந்தா நமக்குத் தல சுத்தும்" என்பார்.

ஞாயிறு மத்தியானம், சாப்பாடு முடிந்த பிறகு, காரை வெளியே தள்ளிவிட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் மேசை போடுவார்கள். நால்வர்தான். குளோரியா, கணவர் கிரிகரி, கறிபாப் பலகாரம் கொண்டுவரும் இராஜம்மா, எதிர் வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் விமலன். காசு வைத்து ஆடுவது கிடையாது. "காலையில கோவில்ல நன்மை வாங்கிட்டு மத்தியானம் காசு வெச்சு ஆடுறதா?" என்று குளோரியா முதல் நாளே கட் அண்ட் ரைட்டாகச் சொல்லிவிட்டார். கிரிகரி மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நிறுத்து வாங்கி வந்த சட்டைப் பொத்தான்கள்தான் பணம். வெள்ளை ஒன்று, நீலம் ஐந்து, கறுப்பு இருபது. ஒரு கறுப்பைத் தோற்றுவிட்டு விமலன் படும் பாட்டைப் பார்த்தால் யாரும் அதைப் பொத்தான் என்று சொல்ல மாட்டார்கள்.

மூன்று பேருக்கும் மூன்று மருந்துச் சீட்டு எழுதி வைத்திருக்கிறார் குளோரியா. இராஜம்மா கொஞ்சமாக ஏற்றினால் அடுத்த சீட்டை மலிவாக எட்டிப் பார்க்க ஆசை. விமலன் கொஞ்சமாக ஏற்றினால் நடுக்கம். தான் முந்திக்கொண்டால் மற்றவர்கள் பெரிதாக ஏற்ற மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை. "பல்லப் புடுங்காதீங்க, அடைச்சு மட்டும் விடுங்கன்னு கெஞ்சுற கேஸ்" என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்வார்.

கிரிகரி கேஸ் வேறு. மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஒரு ஆணிக்குக்கூடக் கணக்குக் கேட்கிற ஆள், அதிர்ந்து பேச மாட்டார். அவர் கையில் சீட்டு இல்லையென்றால் மொத்தமாகத் தள்ளிப் பயமுறுத்துவார். சீட்டு பிரமாதமாக இருந்தால் ஒரே ஒரு பொத்தானை ஏற்றுவார், எதிராளி ஓடிவிடக் கூடாதே என்று. "அவர் சின்னதா ஏத்தினா நம்மள வா வான்னு கூப்பிடுறார்னு அர்த்தம். போகாதீங்க" என்று குளோரியா மற்ற இருவருக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் இந்தக் கணிப்பு தப்பியதே இல்லை.

போன ஞாயிறு கிரிகரியின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

வியாழக்கிழமையே குளோரியா பார்த்துவிட்டார். கிரிகரி சோற்றை வலப்பக்கமே மென்றார், பொரித்த மீனை ஒதுக்கினார், காரச் சம்பாலைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, "கொஞ்சம்தான் வலிக்குது" என்றார். இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு தள்ளிப்போட்ட ஒருவருக்கு வீக்கம் கழுத்துக்கு இறங்கி, மூச்சு விட முடியாமல் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைக் குளோரியா நேரில் பார்த்தவர். டாக்டர் ஷாமினியிடம் திங்கள் காலை ஒன்பது மணிக்கு இடமும் சொல்லி வைத்துவிட்டார். கிரிகரி மசியவில்லை. மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குப் பல் வண்டி வந்த அன்று வேலி தாண்டிக் குதித்து வீட்டுக்கே ஓடிப்போனவர் அவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கதையை, "இந்த வாயில இன்னிக்கு வரைக்கும் குறடு பட்டதில்ல" என்றுதான் முடிப்பார். பல் மருத்துவமனைக்காரியைக் கட்டிக்கொண்டு இப்படி ஒரு பெருமை.

கெஞ்சியாகிவிட்டது, கோபித்தாகிவிட்டது. கடைசியில் அந்த ஞாயிறு மத்தியானம் குளோரியா பொத்தான் டின்னை மேசையில் கவிழ்த்தார்.

"நாம ரெண்டு பேரும் மட்டும் ஆடலாம். ஆளுக்கு நூறு. நான் ஜெயிச்சா நாளைக்கு ஒன்பது மணிக்கு நீங்க பிரிக்ஃபீல்ட்ஸ் வரணும். நீங்க ஜெயிச்சா கிறிஸ்துமஸ் வரைக்கும் பல்லுங்கிற வார்த்தையே என் வாயில வராது."

விமலன் வாயைப் பிளந்தான். கிரிகரி அரை மணி நேரம் வாதாடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ, "சரி, போடச் சொல்லு" என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை.

இராஜம்மா சீட்டுப் போட்டார். முதல் மூன்று ஆட்டமும் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று போயின. குளோரியாவைவிடக் கிரிகரியிடம் ஐந்தாறு வெள்ளை குறைவு, மற்றபடி சமம். நான்காவது ஆட்டத்தில் குளோரியாவுக்கு வந்தது ஒரு ஒன்பது, ஒரு நாலு. மேசையில் ராஜா, ஒன்பது, இரண்டு, பிறகு ஏழு, கடைசியாக ஏஸ். அவரிடம் இருந்தது ஒன்பது ஜோடி மட்டும். எதிரே ஒரு ராஜாவோ ஏஸோ இருந்தால் தீர்ந்தது கதை. சும்மா ஒரு நீலத்தைப் போட்டார்.

கிரிகரி ஒரு நீலத்தைப் போட்டார். பிறகு நிதானமாக, "இன்னும் ஒரு நீலம்" என்று இன்னொன்றை மேலே வைத்தார்.

"அக்கா, கவுத்துடுங்க" என்று விமலன் பதறினான். "அண்ணன் சின்னதா ஏத்துறார். நீங்கதானே சொல்வீங்க. ஏஸ் வெச்சிருக்கார்."

இராஜம்மாவும் தலையாட்டினார். கவிழ்த்தால் ஒன்றும் முழுகிவிடாது. சில பொத்தான்கள் போகும், ஆட்டம் தொடரும். தப்பாகப் படித்துவிட்டு மொத்தத்தையும் தள்ளினால் கையில் ஐந்தாறு வெள்ளை மிஞ்சும். கிறிஸ்துமஸ் வரைக்கும் வாய் திறக்க முடியாது. அதற்குள் அந்தக் கன்னம் என்ன ஆகுமோ.

குளோரியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நல்ல சீட்டு வந்தால் கிரிகரி முழங்காலைத் தேய்ப்பார், சம்பந்தமே இல்லாமல் மழையைப் பற்றிப் பேசுவார். இப்போது முழங்கால் சும்மா இருந்தது. கடைவாய்க்குள் நாக்கு மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. கண் குளோரியாவையே பார்த்தது. அந்தப் பார்வை குளோரியாவுக்குப் பழக்கம். சில பேஷண்டுகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முடியாது முடியாது என்று தலையாட்டுவார்கள். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து போக மாட்டார்கள்.

நல்ல சீட்டு வந்த முகம் இல்லை இது. சீட்டே இல்லாமல் பயமுறுத்தி விரட்ட வேண்டுமென்றால் மொத்தத்தையும் தள்ளியிருப்பாரே. ஒரு நீலம்தான் வைத்திருக்கிறார். கூப்பிடத்தான் கூப்பிடுகிறார். வலிக்கிறது, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று இத்தனை பேர் முன்னால் அந்த வாயால் சொல்ல முடியாது. அடப்பாவி மனுஷா, இதை வியாழக்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதா?

முழங்கையால் அணைத்து, இருந்த பொத்தான் எல்லாவற்றையும் நடுவே தள்ளினார். விமலன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வரேன்" என்று கிரிகரி தன்னுடையதையும் தள்ளினார். யோசிக்கவே இல்லை.

குளோரியா ஒன்பதைத் திருப்பிக் காட்டினார். கிரிகரி தன் இரண்டு சீட்டையும் ஒரு முறை பார்த்தார். கவிழ்த்து மேசையில் வைத்தார். "ஜெயிச்சுட்டே, குளோரி. நாளைக்கு எம்.சி. லீவு போட்டுடுறேன்." பிறகு கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார். "ஒன்பது மணிதானா? எட்டரைக்கு வந்தா எடுக்க மாட்டாங்களா?"

இராஜம்மா கறிபாப் தட்டைச் சத்தமில்லாமல் அவருக்கு எட்டாத பக்கம் நகர்த்தினார். விமலனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "அண்ணே, அப்படி என்னதான் வெச்சிருந்தீங்க?" என்று கவிழ்ந்து கிடந்த சீட்டுகளை நோக்கிக் கையை நீட்டினான்.

அதற்குள் குளோரியாவின் உள்ளங்கை அவற்றின் மேல் விழுந்தது. ஆ காட்டுங்க என்று சொல்லப் போகிறார் என்று இராஜம்மாவும் கழுத்தை நீட்டினார். குளோரியா அந்த இரண்டு சீட்டையும் திருப்பாமலே எடுத்து, கட்டின் நடுவில் செருகி, ஒரு முறை கலைத்து வைத்தார்.